எர்லிக்கியாவா, பேபிசியாவா?

நாய்க்கு வரும் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். எர்லிக்கியா கேனிஸ் ஒரு பாக்டீரியா. 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. வெள்ளையணுக்களுக்குள் குடியேறும். பேபிசியா பாக்டீரியாவே அல்ல, சிவப்பணுக்களை உடைக்கும் ஓரணு ஒட்டுண்ணி.

பேபிசியா பெரும்பாலும் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும்: ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். நான் அதிகம் அஞ்சுவது எர்லிக்கியாவைத்தான். காய்ச்சல் தானாக வடிந்து, நாய் நன்றாகச் சாப்பிடும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். கிருமியோ மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உள்ளேயே பதுங்கியிருக்கும். பிறகு ஒருநாள் மூக்கில் ரத்தம் வரும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்ததன் அடையாளம் அது. எலும்பு மஜ்ஜை வரை பாதித்துவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

மருந்தும் வேறு. எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே துள்ளி ஓடினாலும் நிறுத்தக் கூடாது. பேபிசியாவை டாக்ஸிசைக்ளின் மட்டும் ஒழிக்காது, அதன் வகையைப் பொறுத்து ஊசியோ மாத்திரையோ தருவார்கள். ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அதனால் ஒன்று உறுதியானாலும் மற்றதற்கும் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.