கூந்தன்குளத்துக்குப் போதும்: பழைய நிக்கான் டி3500

திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருக்கிறேன். கேமராவுக்கு என்று ஒதுக்க முடிந்தது 35,000 ரூபாய். எடுக்க நினைத்தது பறவைகளை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கடைகளில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பறவைப் படம் என்றால் லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நான் வாங்கியது செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் டி3500 பாடியும், அதோடு தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் ஏஎஃப்-பி 70-300 மி.மீ. விஆர் லென்ஸும். இரண்டும் சேர்த்து 33,000 ஆனது. ஒரு சீசன் முழுக்கப் புழங்கியாகிவிட்டது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: வாங்கலாம். ஆனால் எங்கே நின்று, எவ்வளவு தூரத்தில் இருப்பதை எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு அந்த இடம் நாங்குநேரி பக்கத்தில் இருக்கும் கூந்தன்குளம். அங்கே கூழைக்கடாவும் வர்ண நாரையும் குளத்து மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை, ஊருக்குள் வீட்டை ஒட்டி நிற்கும் மரங்களிலும் கட்டுகின்றன. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். தெருவில் நின்றால் தலைக்கு மேலே குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். இந்த தூரத்துக்கு 300 மி.மீ. தாராளம். டி3500-இன் சென்சார் ஃபுல் ஃபிரேமை (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவை) விடச் சிறியது என்பதால் அது 450 மி.மீ. லென்ஸில் பார்ப்பது மாதிரிக் கிடைக்கும். கூட்டில் நிற்கும் நாரை ஃபிரேம் முழுக்க வந்துவிடும். ஆனால் தண்ணீருக்கு நடுவே தள்ளி நிற்கும் பூநாரையும் பட்டைத்தலை வாத்தும் இந்த லென்ஸில் புள்ளிதான். அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

அந்தப் புள்ளிகள்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் நிக்கான் பி900 பாருங்கள். 2015-இல் வந்தது, 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ. வரை போகும், லென்ஸ் தனியாக வாங்க வேண்டியதில்லை. பழையது ஏறக்குறைய என் பட்ஜெட்டுக்குள் கிடைக்கிறது. எங்கள் பள்ளியின் தாவரவியல் சார் வைத்திருக்கிறார். அவர் படத்தில் பூநாரையின் கண் தெரியும், என் படத்தில் அது பூநாரை என்பது தெரியும். சரி, அப்படியானால் நான் ஏன் அதை வாங்கவில்லை? அதன் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான். காலை ஆறரை மணி வெளிச்சத்தில் இறகெல்லாம் மெழுகிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் கணினியில் தாராளமாகத் திருத்த உதவும் ராவ் ஃபைலும் கிடையாது. பறக்கிற பறவையை அந்த ஜூமில் துரத்திப் பிடிப்பதற்குள் அது அடுத்த ஊரான மூன்றடைப்பைத் தாண்டிவிடும். எந்தப் பறவை என்று இனம் கண்டு குறித்துவைக்க மட்டும் என்றால் பி900 போதும். எனக்கு இறகு வேண்டும், பறப்பதும் வேண்டும்.

புதிதாக, வாரண்டியோடு வாங்கு என்று வீட்டில் சொன்னார்கள். அந்த வழியில் போனால் கேனான் 1500டி வரும். மோசமான கேமரா என்று சொல்ல மாட்டேன், அதிலும் 24 மெகாபிக்சல்தான். ஆனால் நொடிக்கு 3 படம்தான் எடுக்கும், டி3500 நொடிக்கு 5 எடுக்கும். கூழைக்கடா இறங்கும்போது கால் தண்ணீரைத் தொடும் அந்த நொடியில் இந்த வித்தியாசம் பெரிது. பேட்டரி கணக்கு இன்னும் மோசம்: ஒரு சார்ஜுக்குக் கேனானில் 500 படம், நிக்கானில் 1,550 என்று கம்பெனிகளே போட்டிருக்கின்றன. இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். 1500டி-யில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடு முனையை எடுத்துவிட்டார்கள். மற்ற பெரும்பாலான கேமராக்களில் வேலை செய்யும் மலிவான சாதா ஃபிளாஷை அதில் மாட்டினால் எரியாது. பறவைக்கு ஃபிளாஷ் தேவையில்லைதான், ஆனால் பள்ளி ஆண்டுவிழாவுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைவிட, புதிதாக வாங்கினால் கூடவே வரும் 18-55 கிட் லென்ஸோடு என் பணம் தீர்ந்துவிடும். அதை வைத்து வீட்டு முற்றத்துக் காக்காயை எடுக்கலாம். 3000டி இன்னும் மலிவு, ஆனால் லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். விட்டுவிடுங்கள்.

கேனான் ஆர்50 மாதிரி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) கேமரா வாங்கினால் பறவையின் கண்ணை அதுவே தேடி ஃபோகஸ் செய்யும். பொறாமையாகத்தான் இருக்கிறது. டெலி லென்ஸையும் சேர்த்து விலை பார்த்தேன், மூடி வைத்துவிட்டேன்.

நான் வாங்கியது மதுரையில் ஒரு பழைய கேமரா கடையில். டி3500 2018-இல் வந்தது, இப்போது உற்பத்தி இல்லை, ஆகவே பழையதுதான் கிடைக்கும். நிக்கானில் ஒரு வசதி உண்டு: எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பது படத்தின் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். கடையிலேயே ஒரு படம் எடுத்து, கார்டை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிடலாம். எனக்குக் கிடைத்ததில் 9,000 சொச்சம்தான் ஓடியிருந்தது. அடுத்து தூசி. டி3500-இல் சென்சார் தானாக அதிர்ந்து தூசியை உதறும் வசதி இல்லை. லென்ஸ் துளையை எஃப்/22 என்று சிறிதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்புப் புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். வானத்தில் பறக்கும் பறவையை எடுக்கிறவர்களுக்கு இது முக்கியம், ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் அந்தப் புள்ளி உட்கார்ந்திருக்கும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

லென்ஸில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். இந்தச் சின்ன சென்சார் கேமராக்களுக்கான ஏஎஃப்-பி 70-300 இரண்டு விதம். ஒன்றில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் உண்டு, இன்னொன்றில் இல்லை. பார்க்க ஒன்றுபோல இருக்கும், எடைகூட 15 கிராம்தான் வித்தியாசம். கடைக்காரர் முதலில் நீட்டியது விஆர் இல்லாதது.

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், பேர்லதான் வித்தியாசம்."

"அப்படின்னா பேர் இருக்கறதையே குடுங்கண்ணே, இதே விலைக்கு."

சிரித்துக்கொண்டே உள்ளே போய் எடுத்து வந்தார். அதே விலைக்குத் தரவில்லை என்பது வேறு கதை.

புழக்கத்தில் எப்படி? தூக்க லேசு. பேட்டரியோடு பாடி 415 கிராம், லென்ஸும் அதே 415. காலை முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் வலிப்பதில்லை. ஃபோகஸ் புள்ளி 11 இருந்தாலும் நான் நம்புவது நடுப்புள்ளியை மட்டும்தான். பின்பக்கம் இருக்கும் ஏஇ-எல் பட்டனை ஃபோகஸுக்கு மாற்றி வைத்துக்கொண்டேன், கட்டைவிரலால் ஃபோகஸ், ஆள்காட்டி விரலால் ஷட்டர். பறப்பதற்கு ஷட்டர் 1/2000 நொடி, துளை எஃப்/6.3, வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுவேன். ஐஎஸ்ஓ 1600 வரை இறகு தெளிவாக இருக்கிறது, 3200 சமாளிக்கலாம், 6400-இல் இறகின் நுணுக்கம் போய்விடும். கோடையில் ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் படங்கள் தெளிவாக வரவில்லை என்றால் லென்ஸைத் திட்டாதீர்கள். தண்ணீருக்கும் தரைக்கும் மேலே காற்று சூடாகி நெளிவதுதான் காரணம், லட்ச ரூபாய் லென்ஸிலும் அப்படித்தான் வரும்.

எரிச்சலூட்டும் விஷயங்களும் உண்டு. திரை அசையாது, கரையில் மேயும் உள்ளானை அதன் கண் மட்டத்தில் எடுக்க மண்ணில் படுக்க வேண்டும். சேலையில் போகிற நாளில் அது நடக்காது. வைஃபை கிடையாது, புளூடூத் வழியாகச் சின்ன அளவில் போனுக்கு அனுப்பலாம், அதற்கும் பொறுமை வேண்டும். நான் ஒரு கார்டு ரீடர் வாங்கிவிட்டேன். தனி மைக் செருக வழி இல்லை, 4கே இல்லை. வீடியோதான் முக்கியம் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இனி வேறு லென்ஸ் சேர்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கண்ணில் படும், மாட்டலாம், ஆனால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நான் ஏஎஃப்-எஸ் 35 மி.மீ. எஃப்/1.8 ஒன்றுக்கு அதே கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆண்டுவிழாவுக்குள் வந்தால் மேடைப் படங்களுக்கு ஆகும்.