"ப்ராசஸர் செத்துப்போச்சுங்க" என்று கடையில் சொன்னால் உடனே நம்பாதீர்கள்

ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 7,000 ரூபாய் ஏமாந்தேன். பணம் போனதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் நல்லபடி இருக்க, அதைச் செத்தது என்று சொல்லிக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளப் பார்த்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. கடைப் பெயரை எழுதவில்லை. ஏன் என்று படிக்கும்போது தெரியும்.

சென்னிமலையில் பெட்ஷீட், டவலில் பூ, படம் நெய்கிற ஜக்கார்டு தறிக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். அப்பா காலத்தில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் கலர் அடித்ததை இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறோம். என் பழைய கம்ப்யூட்டர் ஒரு பெரிய டிசைனைத் திறப்பதற்குள் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்ததால் புதிது வாங்கக் கிளம்பினேன். இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், "பாகம் வாங்கி நாமளே பூட்டிக்கலாம் மாமா, வீடியோ பார்த்தாப் போதும்" என்றான். சரி, பையன் படிக்கிற படிப்புக்கும் ஒரு வேலை ஆகட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், அதை மாட்டும் பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஃபைல் சேமிக்க எஸ்எஸ்டி, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், கேபினெட். எல்லாம் ஒரே கடையில், அவர்களே எடுத்துக் கொடுத்த ஜோடி. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா 18 சதவீதம் ஏறுமுங்கண்ணா, எதுக்கு வீணா?" என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பணத்தை யூபிஐயில் அனுப்பும்போது கடைப் பெயர் வராமல் யாரோ ஒருவருடைய பெயர் வந்தது. அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் அனுப்பினேன். இது என் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை பொழுதோட பூட்டி முடித்தோம். சுவிட்சைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்'. ப்ராசஸருக்குத் தனியாகப் போகும் 8 பின் கரண்ட் ஒயரைச் செருக மறப்பதுதான் பலரும் செய்கிற தப்பாம். பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. ராமில் ஒன்றைக் கழற்றி, மற்றதை ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போட்டுப் பார்த்தோம். போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போட்டோம். போர்டை வெளியே எடுத்து அட்டை டப்பா மேல் வைத்து, ப்ராசஸர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்தோம். ஒன்றுக்கும் அசையவில்லை. போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு. அதில் 'சிபியூ' என்று எழுதிய இடத்தில் மட்டும் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணி வரை அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பையனுக்கு நான் திட்டுவேனோ என்று வெசனம், எனக்கு ஆர்டர் வெசனம்.

திங்கட்கிழமை கடைக்குத் தூக்கிப் போனோம். "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்கண்ணா" என்றார்கள். புதன்கிழமை போனால் மானிட்டரில் படம் தெரிகிறது. "வேற ப்ராசஸர் போட்டோம், உடனே டிஸ்ப்ளே வந்துருச்சுங்க. உங்களுது செத்துப்போச்சு. பூட்டறப்ப கையில இருக்கற ஸ்டாட்டிக் கரண்ட் அடிச்சிருக்கும்."

"மூணு வருஷ வாரண்டி இருக்குதுங்களே?"

"கஸ்டமர் டேமேஜுக்கு கம்பெனி தராதுங்கண்ணா."

பையன் முகம் சுண்டிப்போய்விட்டது. கம்ப்யூட்டரில் அவர்கள் போட்டிருந்தது ரைசன் 3 3200ஜி, என்னுடையதைவிடப் பழைய, சின்ன மாடல். 6,500 ரூபாய், செக்கிங் 500. டப்பா எங்கே என்றால், "ட்ரே பீஸுங்க, மொத்தமா ட்ரேல வர்றது, டப்பா வராது. ஆனா புதுசு" என்றார்கள். வேலை நின்றுபோயிருந்தது, கொடுத்துத் தொலைத்தேன். கிளம்பும்போது, "செத்தது இங்கயே கிடக்கட்டும், ஸ்க்ராப்புல போட்டுக்கறோம்" என்றார். 12,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த பொருள், சாமி படத்துக்குப் பக்கத்திலாவது இருக்கட்டும் என்று கேட்டேன். உள்ளே போனவர் கால் மணி நேரம் வரவில்லை. நான் நகரவே இல்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மேஜை மேல் வீசாத குறையாக வைத்தார்.

அந்தக் கால் மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றியது.

அடுத்த வாரம், பெருந்துறையில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவர் டிசைன் சாஃப்ட்வேர் போட வந்தார். பயாஸ் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) திரையைத் திறந்ததும், "எப்ப வாங்குனீங்கண்ணா?" என்றார். திரையில் பயாஸ் தேதி 2019. பி450 போர்டுகள் வந்தது 2018இல், 5600ஜி கடைக்கு வந்தது 2021இல். நடுவில் வந்த அப்டேட்டை ஏற்றாவிட்டால், அந்த ப்ராசஸர் என்று ஒன்று இருப்பதே போர்டுக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் சொன்னால், நூலைத் தூக்கும் கொக்கி 400 என்று வைத்து ஓட்டை அடித்த டிசைன் அட்டையை, 240 கொக்கி ஜக்கார்டு பெட்டியில் மாட்டிய கதை. அட்டை மேலும் குற்றமில்லை, பெட்டி மேலும் குற்றமில்லை. போர்டு டப்பாவை எடுத்துப் பார்த்தால் மூலையில் 'ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி' என்று ஸ்டிக்கர். நான் அதை ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். அந்த 3000 வரிசையைச் சேர்ந்த 3200ஜி ஏன் வேலை செய்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

தம்பி போர்டு கம்பெனியின் தளத்தில் எங்கள் போர்டு மாடலைச் சரியாகத் தேடி, புது பயாஸை இறக்கிப் பென் டிரைவில் போட்டார். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்பதால் யூபிஎஸ்ஸில் மாட்டச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சூட்டோடு ப்ராசஸர் மேல் இருக்கும் கூலரை லேசாகத் திருகித் தூக்கினார். சில்லென்று இருக்கும்போது நேராக இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து, அதன் அடியில் இருக்கும் பின்கள் வளைந்துவிடுமாம்.

3200ஜியைத் துடைத்துக் கையில் கொடுத்தார். பச்சை விளிம்பில், சூட்டைக் கூலருக்குக் கடத்த வைக்கும் சாம்பல் நிறப் பேஸ்ட் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. போன வாரம் வைத்த பேஸ்ட் இப்படிக் காயாது. புதுசாம், ட்ரே பீஸாம்!

செத்துப்போன 5600ஜியை வைத்துச் சுவிட்சைத் தட்டினார். படம் வந்தது. பையன் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்காரருக்குத் தெரியாமல் நடந்திருக்கலாமே என்று அக்கா கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 3200ஜி போட்டு டிஸ்ப்ளே வந்த நிமிடமே பயாஸை ஏற்றி என்னுடையதைத் திருப்பி மாட்டியிருக்கலாம். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தினசரி வேலை. தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், செத்த ப்ராசஸரை எதற்கு விடாமல் கேட்க வேண்டும்?

திரும்பப் போய்க் கேட்டபோது, "வித்த பொருள் வாபஸ் இல்லீங்க, நம்ம கடையில வாங்குனதுக்கு பில் இருக்குதுங்களா?" என்றார். துண்டுச் சீட்டில் கடைப் பெயரே இல்லை. அப்போதுதான் கவனித்தேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துகொண்டார்கள், ஆனால் அவர்களும் முதலில் கேட்டது பில்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். என்னிடம் இருப்பது ஒரு யூபிஐ ரசீது, அதிலும் வேறு ஆள் பெயர். பாகம் வாங்குகிறவர்கள் போர்டு, ப்ராசஸர் சீரியல் நம்பரோடு பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போர்டு கம்பெனியின் தளத்தில் எந்த ப்ராசஸருக்கு எந்த பயாஸ் வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது, கடைக்குப் போகும் முன்பே போனில் பார்த்துவிடலாம். ரிப்பேருக்கு விட்டுவிட்டு மட்டும் வராதீர்கள், எதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நேற்று அந்தக் கடையிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி: "அண்ணா, அந்த 3200ஜியைக் கொண்டு வாங்க, 3,000 தர்றேன், புகாரை எடுத்துருங்க." பில் போட்டு வையுங்கள், வருகிறேன் என்று பதில் போட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது.