பழைய கல், தேக்குக் கடை: மரத்துக்குப் போங்க, கல்லுக்கு யோசிங்க

பாளையங்கோட்டைக்கு வெளியே, இடித்த வீட்டுச் சாமான்கள் விற்கும் கடை. பெயர் வேண்டாம். தேக்கு நிலை, ஜன்னல், உத்தரம் தேடுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். கரையான் ஏறிய மரத்தைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். முதலில் சொல்லும் விலை சும்மா, பேசினால் இறங்கும். ஏற்றுக்கூலி தனி என்பதை மட்டும் கடைசியில்தான் சொல்வார்கள்.

நான் போனது வாசலுக்குக் கருங்கல் படி வாங்க. குவியலில் ஒரு பலகைக் கல், முழுக்க எழுத்து, வரிகள் பாதியில் வெட்டுப்பட்டு, நடுவில் கதவுக் குடுமிக்குத் தோண்டிய குழி வேறு. எந்தக் கோயிலிலிருந்து எந்த வீட்டுக்குப் போய் இங்கே வந்து சேர்ந்ததோ. "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கிரைண்டரப் போட்டா மழமழன்னு ஆயிரும்" என்றார் கடைக்காரர்.

எனக்குக் கோபம் இங்கேதான். பழைய கல்லை எடுத்துக் கட்டுவதில் தப்பே இல்லை, உலகம் முழுக்க நடந்ததுதான். இங்கிலாந்தில் ஹெக்ஸம் தேவாலயத்தை 7-ஆம் நூற்றாண்டில் கட்டியபோது, பக்கத்துக் கோர்பிரிட்ஜில் பாழடைந்து கிடந்த ரோமானியக் கற்களைத்தான் அள்ளி வந்தார்கள். அதன் நிலவறையில் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் பெயரும் அவர் மகன்கள் பெயரும் வெட்டிய கல் இருக்கிறது, அதில் இளையவன் கெட்டாவின் பெயரை மட்டும் கொத்தி அழித்திருக்கிறார்கள், ஏனென்றால் 211-இல் அண்ணன் கரகல்லா அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டு, பெயரே எங்கும் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டான். லண்டனில் கிளாசிசியானஸ் என்ற ரோமானிய நிதி அதிகாரியின் கல்லறைக் கல், நகர மதில் கொத்தளத்துக்குள் கிடந்து 1852-இலும் 1935-இலும் துண்டு துண்டாக வெளியே வந்தது. அந்தக் கொத்தனார்களுக்குச் சரித்திர அக்கறை இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எழுத்தை இழைக்க மெனக்கெடவில்லை, அவ்வளவுதான், அதனால் பிழைத்தது. கையில் கிரைண்டர் இருக்கிற நம் ஆட்களிடம் அந்தச் சோம்பலைக்கூட எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் சட்டம். நூறு வருஷம் தாண்டிய கல்வெட்டு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. சொன்னேன், சிரித்தார். ஆனால் படம் எடுக்க விட்டார், அதற்கு ஒரு மார்க். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் அதைக் காட்டப் போகிறேன்.

எழுத்தில்லாத படியாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். அளவு சரி. இறக்கும்போது ஒரு மூலை உடைந்தது, பணத்தில் கொஞ்சம் கழித்தார்கள். மரத்துக்கு ஐந்தில் நாலரை, கல்லுக்கு இரண்டு.