ரிஹானாவின் ஃபென்டி ஃபவுண்டேஷன்: கருத்த சருமத்துக்கு எப்படி?

பாடகி ரிஹானாவின் முழுப்பெயர் ராபின் ரிஹானா ஃபென்டி. எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமத்தோடு சேர்ந்து 2017 செப்டம்பரில் அவர் ஃபென்டி பியூட்டி என்ற அழகுசாதன பிராண்டைத் தொடங்கியபோது, முகத்தில் அடிப்பூச்சாகப் போடும் ஃபவுண்டேஷன் 40 ஷேடுகளில் வந்தது. கருத்த நிறத்துக்குப் பேருக்கு இரண்டு மூன்று ஷேடு வைத்திருந்த பிராண்டுகளும் அதன்பிறகு வரிசையை நீட்டின. 2021-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை ரிஹானாவுக்கு 170 கோடி டாலர் சொத்து என்று கணக்கிட்டது. அதில் சுமார் 140 கோடி ஃபென்டி பியூட்டியில் அவருக்குள்ள பங்கு. அதே ஆண்டு, அதே குழுமத்தோடு நடத்திய அவரது 'ஃபென்டி' ஆடம்பர ஆடை பிராண்டு நிறுத்தப்பட்டது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஃபவுண்டேஷன் பாட்டிலுக்குள் சரக்கு இருந்தது, அதனால் இது நிலைத்தது.

அந்த ஃபவுண்டேஷனின் பெயர் ப்ரோ ஃபில்டர் சாஃப்ட் மேட் லாங்வேர்: 32 மி.லி., கண்ணாடி பாட்டில், பம்ப் மூடி. ஷேடுகளுக்கு மூன்று இலக்க எண். எண் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். மாநிறத்துக்கு 300-ஐ ஒட்டியும், நல்ல கருப்புக்கு 400-க்கு மேலும் தேடுங்கள். அடுத்தடுத்த எண்களிலேயே அண்டர்டோன் (நிறத்துக்கு அடியில் தெரியும் மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற சாயல்) மாறும். மஞ்சள் கலந்த சருமத்தில் இளஞ்சிவப்பு சாயல் கொண்ட ஷேடைப் போட்டால், முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரியும்.

கையில் தடவிப் பார்த்து வாங்கவே வேண்டாம். தாடையிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு இழுத்து, பத்து நிமிஷம் கழித்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். காயும்போது இது ஒரு படி கருக்கும். பலர் தப்பான ஷேடு வாங்குவது இதைக் கவனிக்காததால்தான். இரண்டு ஷேடுக்கு நடுவே இழுபறி என்றால் வெளிர் ஷேடை எடுங்கள்.

திரவம் தண்ணியாக இருக்கும். நிறமி அடியில் தங்கும், குலுக்காமல் பம்ப் அடிக்காதீர்கள். முழு முகத்துக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை பம்ப். இதிலுள்ள ஐசோடோடெக்கேன் என்ற கரைப்பான் சட்டென்று ஆவியாவதால், முகம் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் பாதி காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும். பாதி முகத்தை முடித்துவிட்டு மறுபாதிக்குப் போங்கள். ஈர ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள், இழுக்காதீர்கள்.

எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) கிடையாது, சன்ஸ்கிரீன் தனியாகத் தேவை. அது காய்வதற்குள் மேலே பூசினால் அழுக்குத் திரண்டாற்போல் உருண்டு வரும். பத்துப் பதினைந்து நிமிஷமாவது விடுங்கள். இந்த ஃபவுண்டேஷன் சிலிகான் அடிப்படையிலானது. அதற்கு முன் பூசும் பிரைமரும் அப்படியே இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிகிறவர்களுக்கு, புழுக்கமான ஊரில், இதைத் தாராளமாகச் சொல்லலாம். வறண்ட சருமத்துக்குச் சரிப்படாது: மூக்கோரம், வாயோரம் தோல் உரிந்த இடமெல்லாம் எடுத்துக் காட்டும். அவர்களுக்கு 2019-ல் வந்த ஹைட்ரேட்டிங் (ஈரப்பதம் தரும்) வகை போன்றதுதான் பொருத்தம். எதுவானாலும், ராத்திரி முதலில் கிளென்சிங் ஆயிலால் கரைத்துவிட்டு, பிறகு ஃபேஸ்வாஷ் போடுங்கள்.