சொந்த ஊரில் ரூம் போட்டு மூன்று நாள்

கடலூரில் பிறந்து, கல்யாணமாகிற வரைக்கும் கடலூரைவிட்டு நகராதவள் நான். அங்கே போய் லாட்ஜில் தங்குவாய் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். புதுப்பாளையத்து வீட்டை அண்ணன் விற்றாயிற்று. வைகாசியில் சித்தி பேத்திக்குக் கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. பிள்ளைகள் பாண்டிச்சேரி பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டையும் சேர்த்து மூன்று நாள் போட்டோம். சனி, ஞாயிறுக்குப் பாண்டியில் ரூம் வாடகை விசாரித்த என் வீட்டுக்காரர், ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் கடலூர் லாட்ஜ்.

திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம். பழைய கட்டடம், மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். மேனேஜர் எங்கள் பழைய தெருக்காரர் ஒருவருக்குச் சம்பந்தி என்பது வேறு மறுநாள் தெரிந்தது.

முதல் சிக்கல் வாசலிலேயே வந்தது. ஆதார் அட்டையை நீட்டினேன். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"புதுப்பாளையமா? லோக்கல் விலாசத்துக்கு ரூம் கொடுக்கிறதில்லைம்மா."

கெடிலம் ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தது என் குற்றமாகிவிட்டது. நான் விலாசம் மாற்றாமல் விட்டதை வீட்டுக்காரர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது வெற்றிப் புன்னகையோடு தன்னுடைய குரோம்பேட்டை அட்டையை எடுத்து வைத்தார். ரூம் கிடைத்தது. பல ஊர் லாட்ஜ்களில் இதே கதைதான் என்று பிறகு சொன்னார்கள். சொந்த ஊர்க் கல்யாணத்துக்கு ரூம் போடுகிறவர்கள் யார் அட்டையில் எந்த ஊர் இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏசி ரூம், நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், கூடுதல் மெத்தைக்கு 250. படுக்கை விரிப்பு வெள்ளை இல்லை, ஆனால் துவைத்தது. சோப்பு வாசனை இருந்தது. ஏசி நன்றாகவே குளிர்ந்தது. குளியலறைத் தண்ணீர்தான் உவர்ப்பு, எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. தலைக்குக் குளிக்கிற உத்தேசம் இருந்தால் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். கொசு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறார்கள், வலையில் இரண்டு விரல் நுழைகிற ஓட்டையும் இருக்கிறது. முதல் ராத்திரி என் மகள் அதில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினாள். நாங்கள் கிளம்பும்போதும் அது அங்கேயேதான் இருந்தது. ரயில் பாதைப் பக்கம் ரூம் வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு அந்த ஹாரன் சத்தம் தாலாட்டு மாதிரி. வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார்.

வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை என்று அறையில் ஒட்டியிருக்கிறது. எங்களுக்கு முகூர்த்தமே ஆறு மணிக்கு. ராத்திரி மேனேஜரிடம் சொன்னேன். நாலே காலுக்குக் கதவு தட்டும் சத்தம். ரூம் பையன் இரண்டு கையிலும் வாளியோடு நிற்கிறான், கீழே விறகு பாய்லரில் பிடித்த வெந்நீர். மூன்று மாடி ஏறி வந்ததில் கால் வாளி படிக்கட்டிலேயே சிந்தியிருந்தது. "இன்னொரு வாளி கொண்டாரட்டா அக்கா?" என்று கேட்டபோது பாதி நட்சத்திரம் கூட்டினேன். செக்அவுட் இங்கே 24 மணி நேரக் கணக்கு. பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கிற லாட்ஜாக இருந்தால், விடியற்காலையில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரு நாள் வாடகை வீண். போனிலேயே கேட்டுவிடுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடலூருக்கு இரண்டு ஸ்டேஷன். திருப்பாதிரிப்புலியூர் என்று டிக்கெட்டில் இருப்பதுதான் நாங்கள் சொல்கிற திருப்பாப்புலியூர், பேருந்து நிலையத்தை ஒட்டியது. ஊரில் அதை என்.டி. (நியூ டவுன்) என்போம். கடலூர் துறைமுகம் சந்திப்பு என்பது பழைய ஊர், ஓ.டி. (ஓல்ட் டவுன்). இரண்டுக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர். எல்லா ரயிலும் இரண்டிலும் நிற்காது. என் நாத்தனார் குடும்பம் 'கடலூர்' என்ற எழுத்தை மட்டும் பார்த்துத் துறைமுகத்துக்கு டிக்கெட் போட்டு, ராத்திரி பத்தரைக்குச் சீர்வரிசைத் தட்டுகளோடு அங்கே இறங்கி எனக்குப் போன் செய்தார்கள். ஆட்டோக்காரர் கேட்ட தொகையை இங்கே எழுதினால் நாத்தனார் கோபித்துக்கொள்வார்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எதிரே ஔஷதகிரி, அதன்மேல் ஹயக்ரீவர். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வேண்டுதல் என்றால் அங்கே கல்யாணம் செய்கிறோம் என்றுதான் வேண்டிக்கொள்வார்கள். நல்ல முகூர்த்த நாளில் ஒரே காலையில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடப்பதும் உண்டு. தாலி கட்டுவது மலையில், சாப்பாடு கீழே ஏதாவதொரு மண்டபத்தில். ஏழு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு அன்றைக்கு எங்கள் வேனுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கடைசி ஒரு கிலோமீட்டரை மணப்பெண்ணின் பெரியப்பா உட்பட எல்லோரும் நடந்தோம். வேறு மாலை, வேறு மேளம் என்று பக்கத்திலேயே நாலு கூட்டம். எங்கள் மாப்பிள்ளை எந்தக் கூட்டத்தில் என்று கண்டுபிடிக்க நேரமானது. அந்த நாட்களில் ஊரில் ரூமும் கிடைக்காது. கல்யாண வேலை இல்லாமல் சும்மா ஊர் பார்க்க வருகிறவர்கள் நாள்காட்டியில் முகூர்த்தத்தைப் பார்த்து அதைத் தவிர்த்துவிடுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, லாட்ஜ்காரரே பேரம் பேசுவார். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மழை பிடித்தால் தென்பெண்ணையும் கெடிலமும் ஊரைச் சும்மா விடாது. மார்கழியையும் முழுதாக நம்ப முடியாது: தானே புயல் கரையேறியது 2011 டிசம்பர் 30.

இங்கே தங்கிக்கொண்டு பாண்டிக்குப் போய்வருவது சரிப்படுமா? சரிப்பட்டது. இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலில் சாயங்காலம் இன்னும் கூடும். பிள்ளைகளுக்குப் படகு ஆசை இருந்தால் சுண்ணாம்பாறு படகுத்துறை நோணாங்குப்பத்திலேயே, பாண்டி வருவதற்கு முன்பே வந்துவிடும். காலையில் அங்கே இறங்கி, வெயில் ஏறியதும் பாண்டிக்குள் போய், மாலை ஆறுக்கு மேல் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டுத் திரும்பினோம். சொந்த வண்டியில் வருகிறவர்கள் பெட்ரோலைப் புதுச்சேரி எல்லைக்குள் போட்டுக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம், விலை குறைவு. மற்றபடி அந்தப் பக்கம் விலை குறைவாகக் கிடைக்கிற இன்னொன்றைப் பையில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள், சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள். இந்த எல்லை பாரதியாரையே விடவில்லை. பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்துவிட்டு 1918 நவம்பரில் வெளியே வந்தவரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள்.

கடலூருக்கென்று ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை பாண்டியைவிட அகலம், மணலில் உட்கார இடம் தேட வேண்டாம். கால்களை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள், அலை இழுக்கும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு அங்கே வரும். அன்றைக்குக் கடலைவிடத் தலைதான் தெரியும். புனித டேவிட் கோட்டை என்று கூகுளைப் பார்த்துக் கிளம்பாதீர்கள், மிச்சம் இருப்பது இடிந்த சுவர்கள். கதைதான் சுவாரசியம். 1690இல் கோட்டையை மராத்தியரிடம் வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலம் தங்களுடையது என்று ஒப்பந்தம் போட்டு, நாலு பக்கமும் சுட்டு ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயருக்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். என் மகனுக்கு மூன்று நாளில் பிடித்தது இது ஒன்றுதான்.

சாப்பாடு: லாட்ஜுக்குக் கீழே ஹோட்டல் இல்லை, நல்லதாயிற்று. பக்கத்துச் சந்து மெஸ்ஸில் மீன் குழம்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அதனால் வஞ்சிரம் கேட்டதும் அந்த அம்மா முகத்தைச் சுளித்து, "நாட்டுப் படகு மீனு இருக்கு, அதச் சாப்புடு, ஐஸ் மீனு எதுக்கு?" என்று சங்கரா வைத்தார். வறுத்த துண்டு வாழையிலையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது; மசாலாவோடு இலையைச் சுரண்டினேன். பண்ருட்டிப் பலாச்சுளை பேருந்து நிலையத்திலேயே கிடைக்கிறது. முந்திரி வாங்குகிறவர்கள் பாயசத்துக்குத்தான் என்றால் முழுப் பருப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள், உடைத்த பருப்பு போதும்.

லாட்ஜுக்கு ஐந்துக்கு மூன்றரை. கொசுவலையைத் தைத்தால் நாலு. கணக்கு முடிக்கும்போது மேனேஜர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "அடுத்த தடவை வர்றதுக்குள்ள விலாசத்த மாத்திருங்கம்மா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் மாற்றவில்லை.