ரெட் நதியில் அரைநாள்: மீன்களின் வழியைக் காட்டும் படகுப் பயணம்

அமெரிக்காவில், வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவுக்கும் மினசோட்டாவின் மூர்ஹெடுக்கும் நடுவே ஓடும் ரெட் நதியில், நாட்டு மீன்களையும் அவற்றின் வாழிடங்களையும் காட்டுவதற்கென்றே நடத்தப்படும் அரைநாள் படகுப் பயணத்துக்குச் சென்றுவந்தேன். தூண்டில் போட விரும்புகிறவர்களுக்கு இது ஏற்றதன்று. ஆற்றை அறிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தயங்காமல் போகலாம். எனக்கு இருக்கும் ஒரே மனக்குறையைப் பின்னால் சொல்கிறேன்.

கலங்கிய பழுப்பு நீரைக் கண்டு எங்களில் சிலர் முகம் சுளித்ததும், வழிகாட்டி ஒரு கண்ணாடிக் குவளையில் ஆற்று நீரை மொண்டு படகின் விளிம்பில் வைத்தார். அரைமணி நேரம் கழிந்தும் அது தெளியவில்லை. பனியுகத்தின் முடிவில் இச்சமவெளி முழுவதும் அகாசிஸ் என்னும் பேரேரியின் அடித்தரையாக இருந்தது என்றும், அந்த ஏரி படியவிட்ட நுண்ணிய களிமண்ணையே வடக்கு நோக்கி கனடாவின் வின்னிபெக் ஏரிவரை நதி இன்றும் சுமந்து செல்கிறது என்றும் அவர் விளக்கினார். மீசையால் இரை தேடும் கெளுத்திக்கு இந்தக் கலங்கல் பழகிய ஒன்று. வயல்களிலிருந்து வந்து சேரும் கூடுதல் மண்தான் கவலைக்குரியது.

பயணத்தின் உயிரான பகுதி, ஃபார்கோ நகரின் நடுவே இருந்த பழைய தடுப்பணையைப் பார்ப்பது. முன்பு நீர் அதன் மீது செங்குத்தாக விழுந்து, அடியில் உருளும் சுழலை உண்டாக்கி, சிக்கியவர்களை மூழ்கடித்தது. முட்டையிட மேலே ஏறும் மீன்களையும் தடுத்து நிறுத்தியது. மினசோட்டா இயற்கை வளத் துறையின் லூதர் ஆட்லாண்ட் முன்னெடுத்த முறைப்படி, 1990களின் இறுதியில், மேற்புற நீர்மட்டம் குறையாதவாறு, அணையின் கீழ்ப்புறத்தில் பெரும்பாறைகளை அடுக்கி நீண்ட சரிவாக மாற்றினார்கள். பாறை வரிசைகள் நீரோட்டத்தை எதிர்த்து வில்போல் வளைந்திருப்பதால் நீர் கரையை அரிக்காமல் நடுப்பகுதிக்குத் திரும்புகிறது. வழிகாட்டி ஒரு காய்ந்த நாணல் தண்டை வீசினார். அது பாய்ந்து போய், ஒரு பாறையின் பின்னால் திரும்பி, அசையாத நீரில் மெல்லச் சுற்றியது. மீன் மூச்சு வாங்கி அடுத்த வரிசைக்குத் தாவும் இடம் அதுவே என்று அவர் காட்டியபோது, படங்களில் பலமுறை பார்த்தும் விளங்காதது எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. அமெரிக்கப் பகுதியில் முதன்மை நதியின் குறுக்கே இருந்த எட்டுத் தடுப்பணைகளில் கடைசியான டிரேட்டன் அணையும் 2023-இல் இப்படி மாற்றப்பட்டுவிட்டது.

அதிகப்படியான மீன்பிடிப்பாலும் அணைகளாலும் இந்த நதிப்படுகையிலிருந்தே மறைந்துபோன ஏரி ஸ்டர்ஜன் என்னும் நாட்டு மீனின் குஞ்சுகளை 1990களின் இறுதி முதல் விட்டுவருகிறார்கள். பெண் ஸ்டர்ஜன் முட்டையிடும் பருவத்தை அடைய 20 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்பதால், முதலில் விட்டவை இப்போதுதான் அந்த வயதை எட்டுகின்றன. முட்டையிடப் பாறைப் பாங்கான கிளையாறுகளுக்கு அவை ஏறிச் செல்ல வழி திறந்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதை இந்தக் கணக்கு ஒன்றே உணர்த்தும். ஸ்டர்ஜனைப் பற்றிய இந்தப் பகுதிக்கு இன்னும் அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

குறை, கையில் கொடுக்கும் மீன் அட்டையில் இருக்கிறது. பிக்மவுத் பஃபலோ என்னும் மீனை, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சாதாக்கெண்டையுடன் ஒரே கட்டத்தில் சேர்த்து 'மதிப்பற்ற மீன்கள்' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். பஃபலோ இந்த மண்ணின் மீன். அதன் செவிக்கல்லை (காதினுள் இருக்கும் சிறு கல்) மெல்லிய சீவலாக வெட்டி, அதில் ஆண்டுதோறும் உருவாகும் வளையங்களை எண்ணியதில், மினசோட்டாவில் கிடைத்த ஒரு மீனுக்கு 112 வயது என்று 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். முதலாம் உலகப் போருக்கு முன்பே பிறந்த உயிரை அந்தச் சொல்லால் அழைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மினசோட்டாவே 2024-இல் சட்டத்தைத் திருத்தி இத்தகைய நாட்டு மீன்களைத் தனிப் பிரிவாக்கிவிட்டது. இதைச் சொன்னபோது வழிகாட்டி மறுக்காமல் குறித்துக்கொண்டார். இருந்தாலும் அட்டை மாறும்வரை ஐந்தில் நான்கு நட்சத்திரங்களே தருகிறேன்.

போகிறவர்கள், பனி உருகிப் பெருகும் வசந்தகால வெள்ளம் வடிந்த பின் போவது நல்லது. அப்போதுதான் பாறை வரிசைகள் வெளியே தெரியும். கரைக் களிமண் ஈரத்தில் எண்ணெய்போல் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி கட்டாயம்.