காரைக்குடியில் ஈஸ்ட் வாங்கப் போகிறீர்களா? உயிரோடு இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்

நம்ம பக்கத்துப் பலகாரம் எதற்கும் ஈஸ்ட் தேவைப்பட்டதில்லை. வெள்ளைப் பணியார மாவை ஆட்டின கையோடு எண்ணெயில் ஊற்றிவிடுவோம், புளிக்கவே விடுவதில்லை. ஆப்ப மாவு ராத்திரியோடு ராத்திரியாகத் தானே புளித்துவிடும். ஆனால் பிள்ளைகள் வீட்டிலேயே பன் வேண்டும், பீட்சா வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டால் ஈஸ்ட் இல்லாமல் முடியாது. காரைக்குடியில் இரண்டு கடைச் சரக்கை வாங்கிப் பார்த்துவிட்டேன், இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

முதல் கடை மளிகைக் கடை. கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்து, சில்லறையாக எடை போட்டுக் கொடுக்கிறார்கள். ஜாடி இருக்கிற இடம் வாசல் பக்கம், மத்தியானம் நேர் வெயில். சித்திரை வெயிலில் அது என்ன ஆகும் என்று கேட்டதற்கு, “பொடிதானேண்ணே, ஒண்ணும் ஆகாது” என்றார் கடைத் தம்பி. பொடி இல்லை தம்பி. அந்தக் குருணை ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான ஈஸ்ட் செல்கள் காய்ந்து, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் போன பிறகும் அவற்றின் சவ்வு நொறுங்காமல் இருக்கிறது. சூடும் ஈரக்காற்றும் பட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் காப்பும் நிற்காது.

இரண்டாவது, பேக்கிங் சாமான் விற்கிற கடை. காற்றை உறிஞ்சி எடுத்து, கல் மாதிரி இறுகின பாக்கெட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இதுதான் நான் சிபாரிசு செய்வது.

சோதிப்பது சுலபம். கை பொறுக்கிற சூட்டில், சுமார் 40 டிகிரி, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு ஸ்பூன் ஈஸ்டும் போட்டு மூடி வையுங்கள். நல்ல ஈஸ்ட் என்றால் முதலில் குருணை கரைந்து அடியிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் கிளம்பும், பத்து நிமிஷத்தில் மேலே பழுப்பு நுரை தொப்பி கட்டும், மூடியைத் திறந்தால் லேசாகக் கள் வாசனை. ஜாடிச் சரக்கு சேற்றுத் தண்ணீராக அப்படியே கிடந்தது. தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், 60 டிகிரிக்குப் போனால் நல்ல ஈஸ்டும் செத்துவிடும்.

அந்த நுரைக்குள் நடப்பது சுவாரசியமான விஷயம். ஒரு குளுக்கோஸை உடைத்து நொதிக்க வைத்தால் ஈஸ்டுக்கு மிஞ்சுவது 2 ஏடிபி, அதாவது செல் செலவழிக்கிற சக்திக் காசு. நம் உடம்புச் செல் அதே குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியா என்ற தன் சக்திக் கூடத்தில் ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் ஏறக்குறைய 30 கிடைக்கிறது. ஈஸ்டுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. அப்படியிருந்தும் சர்க்கரை தாராளமாக இருந்தால், பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்தாலும் அது நொதித்தலுக்குத்தான் போகிறது. லாபம் குறைவாக வைத்து, சரக்கை வேகமாகத் தள்ளுகிற வியாபாரி கணக்கு. உடைக்கும்போது வருகிற எலெக்ட்ரான்களை என்ஏடி என்ற மூலக்கூறு வாங்கிக்கொள்கிறது, அந்தச் சுமையை எங்காவது இறக்கி வைத்தால்தான் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியும் (சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் எலெக்ட்ரான் கைமாறுவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை). சுவாசிக்கிற செல் கடைசியில் ஆக்சிஜனிடம் இறக்குகிறது. நொதிக்கிற ஈஸ்டோ சர்க்கரை உடைந்து வந்த அசிட்டால்டிஹைடின் தலையிலேயே கட்டிவிடுகிறது, அது ஆல்கஹாலாகிறது. கூடவே வெளியேறுகிற கரியமில வாயுதான் நம் பன்னை உப்ப வைக்கிறது, ஆல்கஹால் பெரும்பாலும் அடுப்புச் சூட்டில் பறந்துவிடும்.

செத்த ஈஸ்டிலும் நொதிகள், அதாவது இந்த வேலையைச் செய்கிற புரதங்கள், இருக்குமே, அது வேலை செய்யாதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். 1897ல் ஜெர்மன் வேதியியலாளர் எடுவார்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல்லே இல்லாத சாற்றிலும் சர்க்கரை நொதிப்பதைக் காட்டினார், 1907ல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அவர் கையில் இருந்தது கெட்டிச் சாறு. மாவில் போட்ட செத்த செல்லிலிருந்து நொதியும் என்ஏடியும் கசிந்து, அவ்வளவு தண்ணீரிலும் நீர்த்துப் போய்விடும், அதை நம்பிப் பன் சுட முடியாது.

பாக்கெட்டில் குறையும் உண்டு. அரைக் கிலோவுக்குக் குறைந்து அந்தக் கடையில் இல்லை, வீட்டுக்கு அது ரொம்ப அதிகம். காலாவதித் தேதியைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். பாக்கெட்டுக்கு ஐந்துக்கு நான்கு. ஜாடிக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன், தம்பி நல்ல பிள்ளை என்றாலும்.